உதவி செய்தவரைத் "தெய்வம்" என்று சொல்லிவிட்டுப் போவது சரிதானா?

17 ஜூன் 2025, கேள்வி (மும்பை சயானிலிருந்து ஒரு வாசகி)

பயணத்தில் யாராவது உதவி செய்தால் நம்ம ஆட்கள் உடனே சொல்வது, "தெய்வமே மனுஷ ரூபத்துல வந்துச்சு." எனக்கு இது உறுத்துகிறது. போன மாசம் குர்லா ஸ்டேஷனில் எனக்கு மயக்கம் வந்துவிட்டது. யாரோ ஒரு பெண் தன் வண்டியை விட்டுவிட்டு அரை மணி நேரம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வீட்டில் வந்து சொன்னதும் மாமியார், "சமயபுரத்தா அனுப்பின ஆளு" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. அந்தப் பெண் ஆபீஸுக்கு லேட்டாகப் போய் என்ன பேச்சு வாங்கினாளோ, அதை ஒருத்தரும் யோசிக்கவில்லை. நானும் பெயர் கேட்கவில்லை. தெய்வமாக்கிவிட்டால் அந்த மனுஷி காணாமல் போய்விடுகிறாளே. இதில் ஆன்மிகம் எங்கே இருக்கிறது?

18 ஜூன், காலை, பதில்

மாமியார் சொன்னதில் தப்பில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

1994 ஜூலை. தாராவியில் 90 அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு கார்கானாவில் (பட்டறையில்) தோல் பை தைத்துக்கொண்டிருந்தேன். வயது 26. மத்தியானம் முக்குக் கடை மளிகைக்காரர் ஆள் அனுப்பினார், ஊரிலிருந்து போன் என்று. அப்பா விடியற்காலையிலேயே போய்விட்டார். லைனில் தம்பி அழுகிறான். "அண்ணே, வச்சிருக்கவா, எடுத்துரவா?" மனசுக்குள் கணக்குப் போட்டேன். ராத்திரி பம்பாய் வி.டி. ஸ்டேஷனில் ரயில் ஏறினால் மூன்றாம் நாள் விடியும்போது மெட்ராஸ். அங்கிருந்து பஸ் பிடித்துத் திருநெல்வேலி, அப்புறம் டவுன் பஸ், ஊர் போய்ச் சேர ராத்திரி ஆகிவிடும். எங்கள் ஊரில் அப்போது ஐஸ் பெட்டிக்கு எங்கே போவது? "எடுத்துருங்கடே" என்றேன். அதைச் சொன்னது நான்தான்.

ஜெனரல் பெட்டியில் கதவுப் பக்கம், கக்கூஸை ஒட்டி, ரெக்சின் பையைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன். கல்யாணில் ஏழெட்டுப் பேர் கும்பலாக ஏறினார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைத் தொப்பி, கழுத்தில் துளசி மாலை, கையில் சின்னத் தாளம். பெண்கள் மூன்று பேர். ஆஷாட ஏகாதசித் திருவிழாவுக்கு, பாண்டுரங்கன் கோயில் இருக்கும் பண்டரிபுரம் போகிறவர்கள். வார்கரிகள் என்பார்கள். உள்ளே இடமில்லாததால் அவர்களும் என்னோடு தரையில்தான்.

என் பக்கத்தில் ஒரு ஆஜி உட்கார்ந்தாள். மராட்டியில் பாட்டியை அப்படித்தான் சொல்வார்கள். எழுபது வயது இருக்கும். பச்சை நிறத்தில் ஒன்பது கெஜப் புடவை, முன்கையில் பச்சை குத்தியிருந்தது, எங்கள் ஆச்சி கையில் இருந்த மாதிரியே. புனே தாண்டும் வரை பேசவில்லை. அப்புறம் "ஜேவ்லாஸ் கா?" என்றாள். சாப்பிட்டாயா என்று. தலையை ஆட்டினேன். மடியில் இருந்த துணி மூட்டையை அவிழ்த்தாள். சோள ரொட்டி அடுக்கி, நடுவில் வேர்க்கடலைப் பொடி. ஒன்றை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

எனக்கு பயமாகிவிட்டது. கோயிலுக்குப் போகிறவள். நான் தீட்டுக்காரன். கையை இழுத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த தாராவி இந்தியில் சொன்னேன், அப்பா இறந்துவிட்டார், எனக்கு சூதக். அந்த வார்த்தை கார்கானாவில் கூட வேலை செய்த மராட்டிக்காரன் சொல்லித் தெரியும். அவள் கை ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. அப்புறம் என் வலது கையைப் பிடித்து விரித்தாள். ரொட்டியை உள்ளங்கையில் வைத்தாள். என் விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் மடக்கிவிட்டாள். "கா, மாவுலி" என்றாள்.

கா என்றால் சாப்பிடு. மாவுலி என்றால் தாய்.

முழு ரொட்டியையும் தின்றேன். அப்பா போன செய்தி வந்ததிலிருந்து அழாதவன் அப்போதுதான் அழுதேன். விடியும்போது பண்டரிபுரம் வந்தது, அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். முப்பத்தொரு வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருப்பது, அன்றைக்கு முருகன்தான் அவளை அனுப்பினான் என்று.

18 ஜூன், இரவு

ஆஜியின் பெயர் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நான் கேட்கவில்லை. எந்த ஊர் என்றும் கேட்கவில்லை. காலையில் பதில் எழுதும்போது இது தோன்றவே இல்லை. சயான் தங்கச்சி சொன்ன இடத்தில்தான் நானும் நிற்கிறேன்.

20 ஜூன்

இரண்டு நாளாக இதே யோசனை. மறுபக்கத்திலிருந்து ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது.

2005 ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. மும்பையில் இருந்தவர்களுக்கு அந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை. ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. ரயில் நின்றுபோய், மித்தி ஆறு ரோட்டுக்கு வந்துவிட்டது. பாந்த்ரா-குர்லா பக்கத்து ஆபீஸ்களிலிருந்து ஆட்கள் இடுப்புத் தண்ணீரில் கைகோத்து நடந்து வந்தார்கள். தாராவியில் எங்கள் கோலி, அதாவது ஒற்றை அறை வீடு, மாடியில், இரும்பு ஏணி வைத்து ஏறுவது. ராத்திரி பத்து மணிக்கு மூன்று பேர் ஏணிக்குக் கீழே நின்று, மேலே வரலாமா என்று கேட்டார்கள். இரண்டு ஆண், ஒரு பெண்.

நான் கதவுக்குக் குறுக்கே நின்றேன். மகளுக்கு அப்போது நாலு வயசு, காய்ச்சல். குடிதண்ணீர் ஒரே ஒரு டிரம். இருக்கிற இடம் பத்துக்குப் பன்னிரண்டு. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். என் மனைவி பின்னாலிருந்து, "தள்ளுங்க, அந்தப் பொண்ணு நடுங்குது" என்றாள். தன்னுடைய காய்ந்த புடவை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ரவை இருந்தது, உப்புமா கிளறினாள். ராத்திரி முழுக்க அவள் படுக்கவில்லை, படுக்க இடமில்லை. குழந்தையை மடியில் போட்டுச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

காலையில் போகும்போது அதில் பெரியவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க பகவான்" என்றார். என்னைப் பார்த்து. மனைவி அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், அந்தப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

எனக்கு அப்போது கூச்சமாக இருந்தது, எதனால் என்று புரியவில்லை. இப்போது புரிகிற மாதிரி இருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தையில் என் மனைவியின் முதுகுவலி இல்லை, அந்தப் புடவை இல்லை, நான் கதவை மறித்து நின்றதும் இல்லை.

ஆஜிக்கு அந்த மூட்டையில் எத்தனை ரொட்டி இருந்தது? நான் எண்ணவில்லை. போகிற இடத்தில் அவளுக்கு யார் சமைத்துக் கொடுத்திருப்பார்கள்?

21 ஜூன்

கொலாபாவிலிருந்து ஒரு அண்ணன் திருத்தியிருக்கிறார், சரியான திருத்தம். 944 மில்லிமீட்டர் சாந்தாகுரூஸ் கணக்கு. அதே நாளில் கொலாபாவில் 75 மில்லிமீட்டர்கூட இல்லை. அவர் சாயங்காலம் குடை பிடித்து டீ குடிக்கப் போயிருக்கிறார். வடக்கே என்ன நடக்கிறது என்று ராத்திரி டி.வி. பார்த்துத்தான் தெரிந்ததாம். ஒரே ஊர், இருபத்தைந்து கிலோமீட்டர் வித்தியாசம்.

22 ஜூன்

"ரயிலில் முன்பின் தெரியாதவர் கொடுப்பதைச் சாப்பிடாதீர்கள் என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அறிவிப்புச் செய்கிறார்கள். நீங்கள் இப்படி எழுதலாமா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மயக்க மருந்து பிஸ்கெட்டில் நகையும் பணமும் பறிகொடுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இதில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் புனேயில் வேலை செய்கிறாள். வெள்ளிக்கிழமை ராத்திரி வருவாள், ஞாயிற்றுக்கிழமை போவாள். ஒவ்வொரு தடவையும் நான் சொல்வது, "யார் எது கொடுத்தாலும் வாங்காத." நேற்று இந்த இழையைப் படித்துவிட்டுப் போன் செய்தாள். "அப்பா, நீங்க மட்டும் வாங்கிச் சாப்பிட்டீங்க." பதில் சொல்ல வரவில்லை. சொன்ன அறிவுரையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மாட்டேன், பெண் பிள்ளை, தனியாக வருகிறவள்.

ஆனால் ஒன்று. அந்த ராத்திரி ஆபத்து எனக்கு மட்டும்தானா? 1993 ஜனவரிக் கலவரம் முடிந்து ஒன்றரை வருஷம். மார்ச் 12 குண்டு வெடிப்பு முடிந்து பதினாறு மாசம். தெரியாத ஆள் பக்கத்தில் பையோடு உட்கார்ந்தால் ஜனங்கள் எழுந்து போன காலம் அது. நான் மூன்று நாள் தாடி, அழுக்குச் சட்டை, கறுப்பு ரெக்சின் பை, யாரோடும் பேசாமல் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவளோடு வந்த பெரியவர் ஒருவர் அவளை அந்தப் பக்கம் தள்ளி உட்காரச் சொன்னது எனக்குக் கேட்டது. அவள் நகரவில்லை. என் கையைப் பிடித்து விரித்தவளுக்கு நான் யார் என்று தெரியாது. கொடுக்கிறவருக்கும் பயம் இருக்கும் என்பதை நான் இதுவரை கணக்கில் எடுத்ததே இல்லை.

மகளிடம் இன்றைக்குச் சொன்னேன்: வாங்காதே, ஆனால் கொடுத்தவர் முகத்தைப் பார்த்துப் பேசி, நன்றி சொல்லி மறு. முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே.

22 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

மகள் சொல்கிறாள், அவள் ஏற்கெனவே அப்படித்தான் செய்கிறாளாம். சரி.

24 ஜூன்

லோக்கலில் நாலாவது சீட்டைப் பற்றி மாட்டுங்கா அக்கா எழுதியிருப்பது அருமை. மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். மும்பை லோக்கலில் மூன்று பேர் சீட்டில் நாலு பேர் உட்காருவது எழுதாத சட்டம். நாலாவது ஆளுக்குப் பாதி உடம்பு வழியில்தான் தொங்கும். "தோடா சர்க்கோ" (கொஞ்சம் நகருங்க) என்றால் மூன்று பேரும் ஒரு விரற்கடை நகர்வார்கள். யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள், பேப்பர் படித்தபடியே நகர்வார்கள். உட்கார்ந்தவனும் நன்றி சொல்ல மாட்டான்.

அக்கா சொல்வது, இதில் தெய்வம் என்ற பேச்சே வருவதில்லை, ஆனாலும் தினமும் லட்சக்கணக்கான தடவை நடக்கிறது என்று. உண்மை. நான் முப்பது வருஷத்துக்கு மேல் சயானுக்கும் மஸ்ஜித் பந்தருக்கும் இடையில் போய் வருகிறேன், எத்தனை பேர் எனக்காக நகர்ந்திருப்பார்கள். ஒரு முகம்கூட ஞாபகம் இல்லை. துக்கத்தில் இருக்கும்போது நடந்த ஒன்று மட்டும் அச்சு மாதிரி பதிந்திருக்கிறது.

25 ஜூன்

வார்கரிகளைப் பற்றி வேறொரு பதிலில், "அவர்களிடம் சாதியே கிடையாது" என்று எழுதியிருந்தேன். சோலாப்பூரிலிருந்து ஒரு தம்பி அதை மறுத்திருக்கிறார். அவர் சொல்வதுதான் சரி, அதனால் இங்கே எடுத்து எழுதுகிறேன்.

சோகாமேளர் 14ஆம் நூற்றாண்டுக்காரர், மஹார் சாதி, பாண்டுரங்க பக்தர். அவருடைய பாட்டை எல்லோரும் பாடினார்கள், கோயிலுக்குள் மட்டும் விடவில்லை. மங்கள்வேடாவில் சுவர் இடிந்து விழுந்து இறந்தார் என்பது வழிவழியாகச் சொல்லும் வரலாறு. அவர் சமாதி இன்றைக்கும் பண்டரிபுரம் கோயில் வாசலில், படிக்கு எதிரே இருக்கிறது. வாசலுக்கு வெளியேதான். தாழ்த்தப்பட்டவர்களுக்கு அந்தக் கோயில் திறந்தது 1947இல். காந்தியவாதி சானே குருஜி மே மாதம் உண்ணாவிரதம் இருந்த பிறகு. நம்ம மதுரை மீனாட்சி கோயிலுக்குள் 1939இல் வைத்தியநாத ஐயர் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனதற்கு எட்டு வருஷம் கழித்து.

வழியில் நடக்கும்போது எல்லோரும் மாவுலி, வாசலுக்கு வந்ததும் நில் என்றால் அது எப்படி? ஆஜியின் வயதை வைத்துப் பார்த்தால், அந்தக் கோயில் திறந்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயசு இருந்திருக்கும். அவள் என்ன சாதி என்று எனக்குத் தெரியாது. என்னை அவளும் கேட்கவில்லை. தம்பிக்கு நன்றி.

28 ஜூன்

முதல் நாள் ஒன்றை எழுதாமல் விட்டேன். சோகாமேளர் பேச்சு வந்த பிறகு அதை மறைத்து வைப்பது சரியில்லை.

விடியற்காலை அவர்கள் இறங்கும்போது ஆஜி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டாள். முழங்கால் வலி போல, கதவுக் கம்பியைப் பிடித்துத்தான் எழுந்தாள். அப்புறம் திரும்பிக் குனிந்து என் இரண்டு காலையும் தொட்டு, அந்தக் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் பதறிப்போய்க் காலை இழுத்தேன், பின்மண்டை சுவரில் இடித்தது. வயசில் மூத்தவர் நம் காலில் விழுந்தால் நம் ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். அவள் ஏதோ குழம்பிவிட்டாள், அல்லது நான் யாரோ சாமியார் என்று நினைத்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

பல வருஷம் கழித்து, கார்கானாவை விட்டு வேறு வேலைக்கு வந்த பிறகு, அங்கே கூட இருந்த மராட்டிக்காரர் சொன்னார். வார்கரிகள் எதிரே வருகிற யார் காலையும் தொடுவார்கள். சின்னவன் பெரியவன் கிடையாது. கிழவர் பையன் காலைத் தொடுவார், பையன் கிழவர் காலைத் தொடுவான். எதிரே நிற்பது பாண்டுரங்கன் என்று கணக்கு. ஞானேஸ்வரரை மாவுலி என்பார்கள், எதிரே வருகிறவனையும் அதே பெயரால்தான் கூப்பிடுவார்கள்.

எங்க அப்பாவைப் பற்றி இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். கூலி வேலை. பெரிய தெரு வழியாகப் போகும்போது தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். நான் பார்த்திருக்கிறேன், ஆறு ஏழு வயசில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு. திருவிழாவில் எங்கள் தெரு ஆட்கள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்று சூடத் தட்டைத் தூரத்திலிருந்தே கும்பிடுவார். அவர் காலை அவர் உயிரோடு இருந்தவரை யாராவது தொட்டிருப்பார்களா? நான் தொட்டதில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. இறந்த பிறகு தொட வேண்டிய நேரத்தில் நான் புனேக்கும் சோலாப்பூருக்கும் நடுவில் இருந்தேன்.

அந்த நேரத்தில்தான் ஒரு கிழவி அவர் மகன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள்.

சயான் தங்கச்சி, உன் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இங்கேதான் வருகிறது. நான் அவளைத் தெய்வம் என்றேன், எழுந்து ஊருக்குப் போய்விட்டேன். அவளும் என்னைத் தெய்வம் என்றாள். ஆனால் அவள் அப்படிச் சொன்ன விதம் வேறு. முதலில் சாப்பிட்டாயா என்று கேட்டாள், தீட்டு என்றதைக் காதில் வாங்கினாள், கையை விரித்தாள், விரலை மடக்கினாள், குனிந்தாள். என் பசி என்ன, துக்கம் என்ன என்று பார்த்த பிறகுதான் அந்த வார்த்தை வந்தது. நான் அவளைப் பார்க்காமலே சொன்னேன்.

30 ஜூன்

சோலாப்பூர் தம்பி இன்னொரு திருத்தமும் தந்திருக்கிறார். சென்னை வண்டி பண்டரிபுரம் போகாது, அவர்கள் இறங்கியது குர்டுவாடியாகத்தான் இருக்கும் என்கிறார். ஆமாம், குர்டுவாடிதான். பெயர்ப் பலகை இப்போது கண்ணில் வருகிறது. அங்கிருந்து பண்டரிபுரம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். 1994இல் அது குறுகிய ரயில் பாதை, இரண்டரை அடி அகலம்தான், வெள்ளைக்காரன் காலத்து பார்சி லைட் ரயில்வே போட்டது. அந்தப் பொடி வண்டி ஏகாதசி சமயத்தில் கூரை மேலெல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு போவதை இவர் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறாராம்.

முழங்கால் வலியோடு அவள் அதில் எப்படி ஏறினாளோ. பஸ்ஸில் போயிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

2 ஜூலை

"பாண்டுரங்கன் ஏன் இடுப்பில் கை வைத்து நிற்கிறான்?" என்று மகள் கேட்டாள். தெரிந்த கதைதான். புண்டரீகன் அப்பா அம்மாவுக்குப் பணிவிடை செய்துகொண்டிருக்கும்போது வாசலில் சாமி வந்து நிற்கிறார். கை வேலையை விட்டு எழ முடியாது என்று ஒரு செங்கல்லைத் தூக்கிப் போட்டு, இதன் மேல் நில், வருகிறேன் என்கிறான். சாமி இன்னும் அந்தச் செங்கல் மேல்தான் நிற்கிறார்.

இந்தக் கதையை முதல் தடவை கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. அப்பாவுக்குக் கடைசி இரண்டு வருஷம் மூச்சிரைப்பு. தம்பிதான் முதுகு தேய்த்துவிட்டான், நான் மணியார்டர் அனுப்பினேன். புண்டரீகனைத் தேடிப் போகிறவள் என்னிடம் வந்து உட்கார்ந்தது பற்றி நான் பல விதமாக யோசித்திருக்கிறேன். அதற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டும் என்று முன்பெல்லாம் தோன்றும். இப்போது தோன்றவில்லை. பெட்டியில் வேறு இடமில்லை, அதனால் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் என்னைப் பார்த்தாள்.

6 ஜூலை, இரவு

இன்றைக்கு ஆஷாட ஏகாதசி. ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. வடாலா விட்டல் (பாண்டுரங்கன்) கோயிலுக்கு மனைவியோடு போனேன். பண்டரிபுரம் போக முடியாதவர்களுக்கு மும்பையில் அதுதான் பண்டரிபுரம். அதிகாலையிலேயே வரிசை ரோட்டுக்கு வந்துவிட்டது, மழை விட்டுவிட்டுப் பெய்தது. வழியில் யார் யாரோ ஜவ்வரிசிக் கிச்சடியும் வாழைப்பழமும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு பையன், பதினைந்து பதினாறு வயசு, தோளில் தம்புரா. திரும்பிப் பார்த்து "ராம் கிருஷ்ண ஹரி, மாவுலி" என்று என் காலைத் தொட்டான். இந்தத் தடவை காலை இழுக்கவில்லை. நானும் குனிந்து அவன் காலைத் தொட்டேன். முதலில் வாய் வரைக்கும் வந்த கேள்வியைக் கேட்டேன், பேர் என்ன என்று. சொன்னான். ஊர் நாசிக் பக்கம், அப்பா வெங்காய வண்டி ஓட்டுகிறார், அம்மாவுக்குப் பரேல் ஆஸ்பத்திரியில் வைத்தியம், அதனால் இந்த வருஷம் நடந்து போக முடியவில்லை, இங்கே வந்திருக்கிறான். காலையிலிருந்து அவன் எதுவும் சாப்பிடவில்லை. மனைவி கையில் இருந்த இரண்டு வாழைப்பழத்தையும் அவனிடம் கொடுத்தாள். ஒன்றை வாங்கிக்கொண்டு ஒன்றைத் திருப்பிக் கொடுத்தான்.

6 ஜூலை, திரும்பவும்

அந்தப் பையன் பெயரை இங்கே எழுதவில்லை, அது அவன் சொந்த விஷயம். எனக்குத் தெரியும், அது போதும். சயான் தங்கச்சி எழுதியிருக்கிறாள், மூன்று வாரமாக அதே நேரத்துக்குக் குர்லா நாலாம் பிளாட்பாரத்தில் போய் நிற்கிறாளாம், அந்தப் பெண் வருகிறாளா என்று. இதுவரை பார்க்கவில்லை. போய் நில்லம்மா.

8 ஜூலை

இதை எழுதிவிட்டுத்தான் தூங்க வேண்டும்.

தங்கச்சி ஊரிலிருந்து போன் செய்தாள், என் கூடப் பிறந்தவள், பாவூர்சத்திரம் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறது. அவள் மகன் இந்த இழையை அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். "அண்ணே, முழு ரொட்டியும் தின்னேன்னு எழுதியிருக்கியே, நீ எங்க தின்ன?" என்றாள்.

நான் தின்றேன் என்றுதான் ஞாபகம். அவள் சொல்கிறாள், ஒன்று தின்றிருப்பாய், ஆனால் நீ ஊர் வந்து பையைத் திறந்தபோது வெள்ளைத் துணியில் கட்டிய இரண்டு சோள ரொட்டி இருந்தது என்று. ஆஜி இறங்கும் முன்னால் என் பையில் வைத்திருக்க வேண்டும். எனக்கு அது சுத்தமாக நினைவில்லை. காலைத் தொட்ட அதிர்ச்சியில் மறந்தேனோ என்னவோ. மூன்று நாள் ஆன ரொட்டி, ஓடு மாதிரி காய்ந்திருந்ததாம்.

அப்பா போன நாளிலிருந்து அம்மா பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. ஆளாளுக்குச் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். நான் வந்த அந்த ராத்திரி, இது ஏது என்று அம்மா கேட்டாளாம். ரயிலில் ஒரு பாட்டி கொடுத்தது என்று நான் சொன்னேனாம். என்ன பாட்டி, அவ சாப்பிட்டாளா என்று கேட்டாளாம். நான் பதில் சொல்லவில்லையாம். அப்புறம் அம்மா எழுந்து போய் ரொட்டியை உடைத்துக் கும்பாவில் போட்டு, மோர் ஊற்றி, உப்புப் போட்டு ஊறவைத்துத் தின்றாள். தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவ சாப்பிட்டாளா என்று அம்மா கேட்டிருக்கிறாள். முப்பத்தொரு வருஷம் எனக்கு வராத கேள்வி.

துணி என்ன ஆனது என்று கேட்டேன். அம்மா துவைத்து மோர்ப்பானைக்கு மேல் கட்ட வைத்துக்கொண்டாளாம். எத்தனை நாள் இருந்தது என்றேன். நைந்து கிழிகிற வரைக்கும் என்றாள்.